ஆட்டுக்காது மேட்டுப் பூச்சிக்குப் பெயர் வந்த வரலாறு

இல்லாத ஒன்றைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமல்ல. தையல் இயந்திரம், தொலைபேசி, மின்விளக்கு என்று யார் யாரோ கண்டுபிடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏற்கெனவே இருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் மனித அறிவின் சிகரம். ஐரோப்பாவின் டிரோல் மலைநாட்டில் அந்தச் சிகரத்தில் ஏறிக் கொடி நட்டவர்கள், ஸீரன் பள்ளத்தாக்கு அந்துப்பூச்சி அன்பர் கழகத்தார்.

அந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றிய மலைகளில் ஒரு சாம்பல் நிற அந்துப்பூச்சி, பனியுகம் முடிந்த நாளிலிருந்து யாருடைய அனுமதியும் பெறாமல் வாழ்ந்துவந்தது. மற்ற அந்துப்பூச்சிகளைப் போல இரவில் விளக்கைத் தேடி வந்து விழாது. ஆகஸ்ட் வெயிலில், பட்டப்பகலில், புல்லின் மேல் தாழப் பறக்கும். பறப்பதும் ஆண் மட்டுமே. பெண்ணுக்குச் சிறகு கிடையாது. ரோமம் வைத்துக் கட்டிய சிறு பொட்டலம்போலக் கல்லுக்கடியில் உட்கார்ந்திருக்கும். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு நடந்து போக அதற்குக் காலும் போதாது, காரணமும் கிடையாது. ஆகவே மலைக்கு ஒரு கூட்டம் தனித்தனியே குடியிருந்தது.

கழகத்தார் இதைக் கவனித்தார்கள். தனித்தனியே இருப்பவை வேறு வேறாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். வேறு வேறாக இருந்தால் வேறு வேறு பெயர் வேண்டும். பெயர் என்று வந்துவிட்டால் பெயருக்கு ஏங்கும் மனிதர்கள் வேண்டும். இயற்கை அந்த ஏற்பாட்டையும் முன்கூட்டியே செய்து வைத்திருந்தது.

இவ்வாறு அந்த ஒரே பூச்சி, மலைக்கு ஒன்றாகப் பல துணையினங்களாகப் பிரிந்தது. கெப்ஹார்ட் லாடுர்னர் என்ற ஓய்வுபெற்ற வனத்துறை அதிகாரியின் பெயரைத் தாங்கிய லாடுர்னெரி, கிழக்கு மலையில் வாழ்ந்தது. அதன் சாம்பல் நிறம் "சற்றே துயரம் தோய்ந்தது". மருந்துக்கடைக்காரர் பெயரைத் தாங்கியது அடுத்த மலையில். அதன் சாம்பல் "சற்றே நம்பிக்கை தருவது". இந்த வேறுபாடுகளை யார் வேண்டுமானாலும் கண்ணால் பார்த்து உறுதி செய்யலாம். பூச்சி எந்த மலையில் பிடிபட்டது என்று மட்டும் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும்.

தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது, தன் தோளில் தானே பொன்னாடை போர்த்திக்கொள்வதற்குச் சமம். எனவே பூச்சியைப் பிடிப்பவர் ஒருவர், அதை விவரித்துப் பெயர் சூட்டுபவர் இன்னொருவர். சூட்டும் அதிகாரம் அந்தக் கழகத்தில் ஒருவருக்கே இருந்தது. அவர் நோட்பூர்கா ஸாங்கெர்ல். மாவட்ட அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவுத் தலைவர். நுண்ணோக்கி வைத்திருந்தவரும் அவர்தான்.

கழகத்தில் பெயரில்லாத உறுப்பினர் ஒருவரே மிச்சம். அவர் வின்சென்ஸ் பிராக்ஸ்மாரர், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். அரசு அவருக்கு 'மருத்துவ ஆலோசகர்' பட்டம் தந்திருந்தது. அந்நாட்டில் ஓய்வுபெற்ற பெரியவர்கள் எல்லாரும் ஏதோ ஒன்றுக்கு ஆலோசகர். ஆலோசனைதான் யாரும் கேட்பதில்லை.

பட்டம் இருந்தும் பிராக்ஸ்மாரருக்கு நிம்மதி இல்லை. காரணம், கழகத்தின் இறுதிச் சடங்கு முறை. உறுப்பினர் ஒருவர் இறந்தால், சவப்பெட்டிக்கு முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி போகும். அதில் அவர் பெயர் கொண்ட பூச்சி, சிறகு விரித்து, ஊசியில் நிற்கும். சில ஆண்டுகளுக்கு முன் தபால் அதிகாரி ஒருவர் பெயர் கிடைக்கும் முன்பே அவசரப்பட்டு இறந்துபோனார். முறையை மாற்ற முடியாதே என்று வெறும் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனார்கள். வழியில் நின்ற ஒரு பெண், "பாவம், பறந்து போயிடுச்சு போல," என்றாள். பிராக்ஸ்மாரருக்கு அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. வயதோ எழுபதைத் தாண்டியிருந்தது.

அவர் யாரும் பூச்சி பிடிக்காத மலையாகத் தேடினார். ஆட்டுக்காது மேடு கிடைத்தது.

கழகக் கூட்டம் கரடி விடுதியின் பின்னறையில் நடக்கும். ரொட்டிக் கொழுக்கட்டை மிதக்கும் சூப் வந்து, தட்டுகள் அகன்ற பிறகே விஞ்ஞானம் தொடங்க வேண்டும் என்பது விதி. தட்டுகள் அகன்றன. பிராக்ஸ்மாரர் ஒரு பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தார். உள்ளே வரிசையாகச் சாம்பல் நிறப் பூச்சிகள்.

"ஆட்டுக்காது மேட்டுல புடிச்சது. இதுவரைக்கும் நம்மள்ல யாரும் அங்க போனதில்ல."

"பாதை இல்ல, அதான் போகல," என்றார் லாடுர்னர். "ஆடே ஒரு தடவைக்கு ரெண்டு தடவ யோசிச்சுதான் ஏறும்."

"அதையேதான் நானும் சொல்றேன், வனத்துறை ஆலோசகரே. பாதை இல்லாத எடத்துல இருக்கறது எப்படி பாதை இருக்கற எடத்துல இருக்கற மாதிரியே இருக்கும்?"

இந்த வாதத்தின் கனம் அறையில் எல்லாருக்கும் உறைத்தது. பார்வைகள் ஸாங்கெர்ல் அம்மையாரிடம் திரும்பின. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க முன்னாடியே அனுப்பினதுல ரெண்ட வெட்டிப் பாத்தேன், மருத்துவ ஆலோசகரே. பூச்சிய இனம் பிரிக்கறது அதோட பிறப்புறுப்ப வச்சுதான். ஆட்டுக்காதுல இருக்கறதுக்கும் மத்த மலையில இருக்கறதுக்கும் அந்த விஷயத்துல ஒரு வித்தியாசமும் இல்ல."

"நான் தனி இனம் கேக்கல டாக்டரம்மா. எனக்குப் பேராச கெடையாது. துணையினம் போதும்."

"துணையினத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்தான். கண்ணு போதும்." சற்று நிறுத்தி, "கூடவே கொஞ்சம் நல்ல மனசும் வேணும்," என்றார்.

"உங்களுக்கு இல்லாத நல்ல மனசா?"

அம்மையார் பெட்டியை ஒருமுறை பார்த்தார், பிராக்ஸ்மாரரின் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு மென்மையாகச் சொன்னார்:

"தொடர் போதாது."

அறையில் எல்லாரும் தலை குனிந்தார்கள். ஒரே இடத்துப் பூச்சிகளை வரிசையாகக் குத்தி வைப்பதற்குத் தொடர் என்று பெயர். அந்தக் கழகத்தில் யாரும் யாருக்கும் 'முடியாது' என்று சொன்னதே இல்லை, நாகரிகமானவர்கள். முடியாது என்றால் 'தொடர் போதாது' என்பார்கள். பெண் பார்த்துவிட்டு எழுந்தவர்கள் 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்' என்றால் என்ன பொருளோ, அதே பொருள். கேட்டவர் பெட்டியை மூடிக்கொண்டு, ஒரு கோப்பை பழச் சாராயம் குடித்துவிட்டு, அந்த மலையை மறந்துவிட வேண்டும்.

பிராக்ஸ்மாரர் வாழ்நாள் முழுவதும் 'இன்னும் கொஞ்சம் வாயத் திறங்க' என்று சொல்லி, அதற்கு இன்னும் கொஞ்சம் வாயைத் திறங்க என்பதைத் தவிர வேறு பொருளே வைத்திராதவர். அவர் முகம் மலர்ந்தது.

"போதாதா? அவ்வளவுதானே? அடுத்த வருஷம் கொண்டுவரேன்!"

வெளியே வந்ததும் லாடுர்னர் அவர் கையைப் பிடித்தார். "மருத்துவ ஆலோசகரே, போதாதுன்னு சொன்னா என்ன அர்த்தம்னு புரிஞ்சுதா?"

"போதாதுன்னு சொன்னா போதாதுன்னு அர்த்தம். உங்களுக்குப் பேரு இருக்கு, அதான் அடுத்தவனுக்கு வந்துடப்போகுதேன்னு வயிறு எரியுது."

லாடுர்னர் கையை விட்டுவிட்டார். அதற்கு மேல் விளக்குவது நாகரிகம் அல்ல.

அடுத்த ஆகஸ்டில் பிராக்ஸ்மாரர் வலையுடன் மேடேறினார். நல்ல மாதிரி என்றால் பெரிதாக, சிறகு முழுதாக இருக்க வேண்டும் என்பது பூச்சி பிடிப்பவர்களின் அறம். அந்த அறம் வழுவாமல் பெரியவற்றையெல்லாம் பொறுக்கிப் பிடித்தார். குளிர்காலம் முழுவதும் சிறகு விரிக்கும் பலகையில் வைத்து, காய்ந்ததும் பெட்டியில் குத்தி, வசந்தத்தில் கழகத்துக்கு எடுத்துப் போனார்.

"அருமையான தொடர்," என்றார் ஸாங்கெர்ல் அம்மையார். "ஆனா எல்லாம் ஆணா இருக்கே. பெண் இல்லாம தொடர் போதாதே."

அடுத்த ஆண்டு பிராக்ஸ்மாரரின் மனைவி ரோஸ்விதாவும் மேடேறினாள். இருவரும் கல் கல்லாகப் புரட்டினார்கள்.

"இதுக்கா வின்சென்ஸ் உன் பேர வைக்கப் போறாங்க?" உள்ளங்கையில் ஒரு பெண் பூச்சியை ஏந்திக்கொண்டு கேட்டாள். "சிறகும் இல்ல, நெறமும் இல்ல. சட்டைப் பையில சேர்ற பஞ்சு மாதிரி இருக்கு."

"பெருமை பூச்சியில இல்ல ரோஸ்விதா. பேர்ல இருக்கு. அந்த விஷப் புட்டிய எடு."

அதற்கடுத்த ஆண்டு, மேகமூட்டமான நாளில் பிடித்தவை இல்லையே என்று அம்மையார் வருந்தினார். பிராக்ஸ்மாரர் மேகத்துக்குக் காத்திருந்து பிடித்தார். வடக்குச் சரிவில் பிடித்தவை இல்லையே என்றார். வடக்குச் சரிவும் ஆயிற்று. சூல்கொண்ட பெண்கள், புழுக்கள், கூட்டுப்புழுக்கள் எல்லாம் ஆயின. மாவட்ட இயற்கைப் பாதுகாப்பு அலுவலகம் ஒவ்வோர் ஆண்டும் அவருடைய அனுமதியைப் புதுப்பித்தது. அனுமதியில் நோக்கம் என்ற இடத்தில், "அரிய உயிர்களைப் பாதுகாக்க வேண்டுமெனில் முதலில் அவற்றைச் சேகரித்தல் அவசியம்" என்று எழுதியிருந்தது. எவ்வளவு தொலைநோக்கு!

முடிவில் அம்மையாருக்குக் கேட்க எதுவும் மிச்சமில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் ஆட்டுக்காது மேடு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த மலைநாட்டில், கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிட்டால் 'நீங்கள்' கிடையாது. அமைச்சரானாலும் ஆடு மேய்ப்பவரானாலும் 'நீ'தான். எல்லை தெரிவதற்காக, மேட்டடியில் பாதை முடியும் இடத்தில் ஒரு தூண்கூட நட்டிருந்தார்கள். கீழே பேச முடியாததை மேலே பேசலாம். மேலே பேசியதைக் கீழே யாரும் எடுத்துப் பேசக் கூடாது.

தூணைத் தாண்டிப் பத்தடி வைத்ததும் அம்மையார் நின்றார்.

"வின்சென்ஸ், நீ ஒரு மடையன்."

பிராக்ஸ்மாரர் நெகிழ்ந்துபோனார். இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் அவர் இவ்வளவு உரிமையோடு பேசியது இதுவே முதல்முறை. "சொல்லு நோட்பூர்கா."

"உன் பூச்சி லாடுர்னர் பூச்சிதான். லாடுர்னர் பூச்சி மருந்துக்கடைக்காரர் பூச்சிதான். எல்லாம் ஒரே பூச்சி. வயசானவங்க மனசு நோகக் கூடாதுன்னு பேர் வச்சு வச்சு, இப்ப மலையும் தீந்துபோச்சு, எனக்கு வெக்கமும் வந்துடுச்சு. இனிமே முடியாது. விட்டுடு."

"எல்லாருக்கும் வச்சுட்டு, என் முறை வரும்போதுதான் உனக்கு வெக்கம் வரணுமா?"

அம்மையார் திரும்பி மேலே ஏறத் தொடங்கினார். பிராக்ஸ்மாரரும் பின்னால் ஏறினார். மேட்டில் வெயில் நன்றாக இருந்தது. பூச்சிகள் பறக்க வேண்டிய வேளை. புல்லின் மேல் காற்றைத் தவிர எதுவும் அசையவில்லை. மதியம்வரை கல் புரட்டினார்கள். ரோஸ்விதா கட்டிக்கொடுத்த உப்பிட்ட பன்றியிறைச்சியையும் ரொட்டியையும் தின்றார்கள். அப்போது, பாறை ஓரத்திலிருந்து ஒரே ஓர் ஆண் பூச்சி எழும்பியது. மிகச் சிறியது. பெண்ணைத் தேடிப் புல்லின் மேல் இப்படியும் அப்படியுமாக அலைந்தது.

பிராக்ஸ்மாரரின் வலை விழுந்தது.

"ஏன் புடிச்ச?" என்றார் அம்மையார். "அது கடைசியா இருந்தா?"

"கடைசியா இருந்தா தொடர் முழுசாயிடுச்சுன்னு அர்த்தம்."

"வின்சென்ஸ், அத விடு. இன்னும் உயிரோடதான் இருக்கு. விடு."

"பெட்டிய வெறுமையாத் தூக்கிட்டுப் போவாங்க நோட்பூர்கா. நீ முன்னாடி நடந்து வருவ. எவளாவது ஒருத்தி பறந்து போயிடுச்சான்னு கேப்பா. நீ என்ன சொல்லுவ?"

அம்மையார் அவரைப் பார்த்தார். கண்கள் கலங்கியிருந்தன, யாருடையவை என்று கழகத்தின் குறிப்புகளில் இல்லை. பூச்சி புட்டிக்குள் போயிற்று.

இறங்கும்போது அம்மையார் பலமுறை பேச வாயெடுத்தார். ஆனால் தூண் வந்துவிட்டது. தூணைத் தாண்டியதும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "படி வழுக்கும், பாத்து வாங்க, மருத்துவ ஆலோசகரே," என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் பிராக்ஸ்மாரரின் எல்லாப் பெட்டிகளையும் அருங்காட்சியகத்துக்கு வரவழைத்து, மேசையில் பரப்பி அளந்தார். ஐரோப்பாவில் ஒரே மேட்டிலிருந்து இவ்வளவு நீளமான தொடர் எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. இனி அது போதாது என்று சொல்ல எந்த நாகரிகத்தாலும் இயலாது. அளக்க அளக்க ஓர் ஆச்சரியம் வெளிப்பட்டது. கடைசி ஆண்டுகளில் பிடிபட்டவை எல்லாம் மற்ற மலைப் பூச்சிகளைவிடச் சிறியவை. ஐயத்துக்கு இடமில்லை, அளவுகோலே சாட்சி. பெரியவை எல்லாம் முதல் ஆண்டுகளிலேயே ஊசிக்குப் போய்விட்டன என்பது ஒரு சிறு விஷயம். அதை விஞ்ஞானக் கட்டுரையில் எழுதும் வழக்கம் இல்லை. முதல் ஆண்டுப் பெட்டிகளை அம்மையார் மெதுவாக மூடி, அலமாரியின் பின்வரிசையில் வைத்தார்.

வசந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார்:

"புதிய துணையினம், பிராக்ஸ்மாரெரி. ஏனைய துணையினங்களிலிருந்து அளவால் தெளிவாக வேறுபடுகிறது. நிறம் அடக்கமானது. ஆட்டுக்காது மேட்டில் மட்டும் காணப்படுவது. மிக அரிது."

கைதட்டல் அடங்கவில்லை. லாடுர்னர் எழுந்துவந்து பிராக்ஸ்மாரரைக் கட்டிப்பிடித்தார்.

"வாழ்த்துகள்! என் பூச்சியவிடச் சின்னதுதான், ஆனாலும் பூச்சிதானே."

"அரிதா இருக்கறது சின்னதாத்தான் இருக்கும், வனத்துறை ஆலோசகரே. எலி மாதிரி எல்லா எடத்துலயும் ஓடுற உங்க பூச்சிதான் பெருசா இருக்கும்."

அன்று இரவு பிராக்ஸ்மாரர் பல ஆண்டுகளுக்குப் பிறகு அயர்ந்து தூங்கினார்.

அறிவியல் இதழில் கட்டுரை வந்ததும் மாவட்ட இயற்கைப் பாதுகாப்பு அலுவலகம் விழித்துக்கொண்டது. உலகில் ஒரே ஒரு மேட்டில் மட்டும் வாழும் உயிர், தங்கள் மாவட்டத்தில்! உடனே ஆட்டுக்காது மேடு பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆடு மேய்க்கத் தடை. பூப் பறிக்கத் தடை. குரல் உயர்த்திப் பேசத் தடை. நேரில் பார்த்து உறுதி செய்ய ஹெட்விக் கோட்ஷ் என்ற இளம் அதிகாரி அனுப்பப்பட்டாள். வழிகாட்டி, இயல்பாகவே, பிராக்ஸ்மாரர்.

காலையிலிருந்து தேடினார்கள். தூணுக்கு மேலே என்பதால் அவளும் 'நீ' என்றே பேசினாள்.

"எங்க தாத்தா இருக்கு உன் பூச்சி?"

"இருக்கும். நல்லா பாரு."

"அதோ எதிர் மலையில நெறையப் பறக்குதே, தொலைநோக்கில தெரியுது. அது இல்லையா?"

"அதா? அது லாடுர்னெரி!" பிராக்ஸ்மாரருக்குக் கோபத்தில் குரல் உயர்ந்தது, தடையை நினைத்துத் தாழ்த்திக்கொண்டார். "கண்ணு தெரியலையா உனக்கு? அளவப் பாரு. அதுவும் இதுவும் ஒண்ணா?"

"சரி, அப்ப இது எங்கதான் இருக்கு?"

"எங்க வீட்டுல. இடது பக்க அலமாரி, மூணாவது இழுப்பறையில ஆரம்பிச்சு கடைசி வரைக்கும்."

ஹெட்விக் எழுதுவதை நிறுத்தினாள். "உயிரோடயா?"

"நல்ல நிலையில," என்றார் பிராக்ஸ்மாரர் பெருமையோடு.

அவள் வலையையும் கற்களையும் கிழவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தாள். ஆனால் புதிதாக வேலையில் சேர்ந்தவள். அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே வந்தது தன் அலுவலகம்தான் என்பது அவளுக்குத் தெரியும். கேட்கவில்லை.

அலுவலகம் பெருந்தன்மையோடு நடந்துகொண்டது. அழிவுக்கான காரணத்தை ஆராய இரு வல்லுநர்கள் கொண்ட குழுவை நியமித்தது. இந்தப் பூச்சியைப் பற்றி உலகிலேயே அதிகம் அறிந்தவர்கள் இருவர்தான் என்பதால் அவர்களே நியமிக்கப்பட்டார்கள்: தலைவர் ஸாங்கெர்ல் அம்மையார், உறுப்பினர் பிராக்ஸ்மாரர். குழு பள்ளத்தாக்கில், தூணுக்குக் கீழே, கரடி விடுதியில் கூடியது. பருவநிலை, ஆடுகள், பனிச்சறுக்கு வந்தவர்கள், அமிலமழை எல்லாம் தீர விசாரிக்கப்பட்டன. எதன் மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை. குழு தன் அறிக்கையை ஒருமனதாகச் சமர்ப்பித்தது.

அதன்படி மேட்டில் ஒரு மரப்பலகை நடப்பட்டது. நல்ல வேலைப்பாடு. கீழே சிறிய எழுத்தில், "இங்கு மட்டுமே வாழ்ந்தது. தற்போது இல்லை. அழிவுக்குக் காரணம் தெரியவில்லை. தகவல் அறிந்தோர் அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும்" என்றிருக்கிறது. மேலே தடித்த எழுத்தில் பூச்சியின் முழுப்பெயர். விலங்கியல் விதி இந்த விஷயத்தில் கண்டிப்பானது: யார் பெயரால் அழைக்கப்படுகிறதோ அவர் பெயர், அதன் பின் பெயர் சூட்டியவர் பெயர், அதன் பின் ஆண்டு, மூன்றும் வந்தாக வேண்டும். பலகையில் வந்திருக்கிறது: பிராக்ஸ்மாரெரி, ஸாங்கெர்ல், 2017.

இதுவரை யாரும் எந்தத் தகவலும் தெரிவிக்கவில்லை. தெரிவிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அறிவியலின் நேர்மைக்கு ஈடு ஏது? காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கைகூட இவ்வளவு தெளிவாக இருக்காது: செய்தவர் யார், உடந்தை யார், எந்த ஆண்டு.